அரசியலில மரியாதையாக் கதைக்கிறது பழமைவாதமோ?

ஒழுங்கைமுடக்கு எழுதியது:

வணக்கம் உறவுகளே. கொஞ்சம் நீளமா வரும், பொறுமை இல்லாதவை கடைசிப் பந்தியை மட்டும் வாசிச்சாலும் காணும்.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில எங்கட வட்டாரத்தில நிண்ட ஒரு அணிக்கு நான்தான் பேஸ்புக் வேலை பாத்தனான், காசுக்கு இல்லை, ஒரு உசாரில. எங்கட ஆளுக்கு எதிரா நிண்டவர் எனக்கு ஓ எல் மட்டும் கணக்குப் படிப்பிச்ச சேர். நல்ல மனுசன், ஆனா கதை முழுக்க 1960, 1970 தான், அந்தக் காலத்தில அப்பிடி இந்தக் காலத்தில இப்பிடி எண்டு. நான் என்ன செய்தனெண்டால் அவற்ற படத்தை மியூசியத்தில வைக்கிற மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள போட்டு, கீழ "தொடாதீர்கள், உடைந்துவிடும்" எண்டு எழுதி விட்டன். ஊரே சிரிச்சுது, லண்டன் கனடா எல்லாம் போச்சுது. அதோட நிண்டிருந்தால் பரவாயில்லை. கீழ கொமன்றில வந்து ஆரோ தூசணத்தில தொடங்கி, செத்துப்போன அவற்ற மனுசியையும் இழுத்து எழுதினவங்கள். நான் பாத்தனான். அழிக்கேல்லை. அழிச்சா போஸ்ற் ஓடாது எண்டு கூட நிண்டவங்கள் சொன்னாங்கள், நானும் ஓமெண்டு விட்டிட்டன்.

எங்கட ஆள் வெண்டிட்டார். ரெண்டு கிழமையால வாசிகசாலைக்குப் போறன், சேர் மேசையில உதயன் விரிச்சு வைச்சு வாசிச்சுக்கொண்டிருக்கிறார், வேற ஒருதரும் இல்லை. திரும்பிப் போவமெண்டு செருப்பைக் கொழுவேக்க நிமிந்து பாத்திட்டார். "வாரும் தம்பி, இரும்" எண்டுபோட்டுப் பேப்பரின்ர நடுத்தாளை உருவி என்ர பக்கம் தள்ளினார். ஒரு சொல்லு அதைப்பற்றிக் கேக்கேல்லை. நான் அந்தத் தாளில இருந்த மரண அறிவித்தல் அவ்வளவையும் ரெண்டுதரம் வாசிச்சன், வேற எங்க பாக்கிறது.

இப்ப பிரச்சினை என்னெண்டால், கூட்டாளிமார் சொல்லுறாங்கள் மரியாதை எண்டது பெரியாக்கள் தங்கட கதிரையில ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டுபிடிச்ச பசை, அதை நீ நம்பினா ஒண்டையும் மாத்த ஏலாது எண்டு. அப்பா சொல்லுறார் தந்தை செல்வா ஒருதரையும் கடிஞ்சு ஒரு சொல்லுச் சொல்லாத மனுசன், அவரை விடப் பெரிய அரசியல் நீ செய்யப் போறியோ எண்டு. மரியாதையாக் கதைக்கிறது, பழைய முறையைப் பேணுறது, இது ரெண்டும் ஒண்டோ? பழமைவாதி ஆகாமல் மரியாதையா அரசியல் செய்ய ஏலுமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, நக்கல் அடிக்கிறவையும் அடிக்கலாம், எனக்கு வேணும்.


ரொறொன்ரோக்குளிர் எழுதியது:

உதுக்குப் போய் நித்திரை இல்லையோ ராசா. 2018 நவம்பர் 16 கொழும்பில பாராளுமன்றத்துக்குள்ளயே மிளகாய்த்தூள் எறிஞ்சவை, கதிரையால எறிஞ்சவை, சபாநாயகர் பொலிசைச் சுத்தி வைச்சுக்கொண்டு உள்ளுக்க வந்தவர். அவையெல்லாம் பேந்தும் வாக்குக் கேட்டுக்கொண்டு வந்தவைதான், சனம் புள்ளடியும் போட்டது. நீர் ஒரு மீமுக்கு அழுறீர்.


சண்டிலிப்பாய்வாத்தி எழுதியது:

தம்பி, நானும் படிப்பிச்சவன்தான், அதால சேர் பக்கம் சாயுறன் எண்டு நினையாதேயும். முதல் பழமைவாதம் எண்ட சொல்லை எடுப்பம். எங்கட ஆக்களுக்கு அது ஏச்சு. பழசெல்லாம் நல்லது எண்டு சொல்லுற விசர் எண்டுதான் விளங்கி வைச்சிருக்கினம்.

கிடுகுவேலி பாத்திருப்பீர்தானே, இப்ப எல்லாம் மதில் எழும்பியிட்டுது, எண்டாலும் ஒண்டு ரெண்டு மிஞ்சியிருக்கும். வருசத்துக்கொருக்கா உக்கின கிடுகைக் கழட்டிப்போட்டுப் புதுக்கிடுகு வைச்சுக் கட்டுவம். கதியாலைப் பிடுங்கிறேல்லை. கதியால் பட்டுப்போனாலும் பக்கத்தில ஒரு பச்சைக் கதியாலை ஊண்டி, அது துளிர்த்தாப் பிறகுதான் பட்டதை இழுக்கிறது. ஆரும் சும்மா இருந்து வேலியைக் காப்பாத்தினது கிடையாது, அடைச்சு அடைச்சுத்தான் காப்பாத்தினது. பழமை பேணுறதில நல்ல பக்கம் எண்டு நான் நினைக்கிறது உவ்வளவுதான். எட்மண்ட் பேர்க் எண்ட 18 ஆம் நூற்றாண்டு எம்பியும் இதைத்தான் சொன்னவர், தன்னை மாத்திக்கொள்ள வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காப்பாத்தவும் வழியில்லை எண்டு. (ஒரு முழ வேலிக்கு இருபது வருசம் வழக்காடுறதும் நாங்கள்தான், அது வேற கதை.)

ஆனா அந்த பேர்க்கே மரியாதையில வழுக்கின ஆள். 1791 மே 6, உங்கட தேர்தல் நாள்தான், வருசம் வேற. பிரெஞ்சுப் புரட்சி நல்லதோ கெட்டதோ எண்டு சபையில கதை வர, கனகாலக் கூட்டாளி சார்ல்ஸ் ஜேம்ஸ் பொக்ஸோட கொழுவிப்போட்டார். பொக்ஸ் பக்கத்தில இருந்து மெல்லமா, நட்புக்கு ஒண்டுமில்லைத்தானே எண்ட மாதிரிக் கேக்க, இவர் சபைக்குக் கேக்க, நட்பும் முடிஞ்சுது எண்டார். பொக்ஸ் எழும்பினவர், கண்ணீர் ஓடிச்சுது, கொஞ்ச நேரம் கதைக்க ஏலாமல் நிண்டவர். அப்ப பாரும், பழமை பேணுறவையெல்லாம் மரியாதைக்காரர் எண்டில்லை.

இனி உம்மட அப்பா சொன்ன ஆள். செல்வநாயகமும் ஜீ.ஜீ.பொன்னம்பலமும் தமிழ்க் காங்கிரசில ஒண்டா இருந்தவை. 1948 இல மலையகச் சனத்தின்ர குடியுரிமையைப் பறிச்ச சட்டம் வந்தது, ஜீ.ஜீ. டி.எஸ்.சேனநாயக்காவின்ர அரசாங்கத்தில மந்திரியானார், செல்வநாயகம் பிரிஞ்சுபோய் 1949 டிசம்பரில தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 இல காங்கேசன்துறையில அவர் ஆளுங்கட்சி யூ.என்.பி. நடேசனிட்டத் தோத்தும் போனவர், சைவத் தொகுதியில வேதக்காரனுக்கு என்ன வேலை எண்ட கதையும் ஓடினதுதான். ரெண்டு கட்சிக்காரரும் இருபது வருசமா மேடையில ஆளுக்காள் விட்டுவைக்கேல்லை. எண்டாலும் 1976 இல தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்மாரைக் கொழும்பில ட்ரயல் அட் பார் எண்ட, ஜூரி இல்லாமல் மூண்டு நீதிபதிமார் விசாரிக்கிற வழக்கில நிப்பாட்டேக்க, வாதாட எழும்பினது ஜீ.ஜீ. அடுத்த வருசம் பெப்ரவரியில ஒருதர் போனார், ஏப்ரலில மற்றவர். மேடையில எவ்வளவு கொழுவினாலும் திரும்பி வர ஒரு படலையைத் திறந்து வைச்சிருந்தவை. மரியாதை எண்டு நான் சொல்லுறது அந்தப் படலையைத்தான்.

இன்னுமொண்டு, செல்வநாயகம் மெல்லமாக் கதைக்கிறவர் எண்டு சொல்லிச் சொல்லி அவரைப் பூனைக்குட்டி ஆக்கிப்போட்டினம். 1961 பெப்ரவரியில யாழ்ப்பாணக் கச்சேரி, அதான் அரசாங்க அதிபரின்ர கந்தோர், வாசலில குந்தி நிர்வாகத்தையே மறிச்சவர். ஏப்ரலில சட்டத்தை மீறித் தமிழரசுத் தபால் சேவை எண்டு முத்திரை அடிச்சு வித்தவர். 1972 அரசியலமைப்பு வர, எம்பி பதவியை விட்டுப்போட்டுச் சனத்திட்டக் கேப்பம் வாருங்கோ எண்டவர், அரசாங்கம் ரெண்டு வருசத்துக்கு மேல இழுத்து 1975 பெப்ரவரியிலதான் இடைத்தேர்தல் வைச்சது. நடுக்க வருத்தத்தில குரலே வெளிய வராத நேரம் அது. குரல் சின்னனெண்டால் கொள்கையும் சின்னனில்லை.

கடைசியா ஒண்டு, எழுதக் கை கூசுது, எண்டாலும் எழுதுறன். எங்கட ஊரில ஒரு சொல்லு வேலியோட கதியாலையும் சேத்துப் பிடுங்கினது. துரோகி. அதை முதல் மேடையில பாவிச்சவை சின்னப் பெடியள் இல்லை, கோட்டுப் போட்ட அப்புக்காத்துமார், வக்கீல்மார்தான், நான் பெடியனாப் புல்லில குந்தியிருந்து கைதட்டினனான். 1975 யூலை 27 பொன்னாலைப் பெருமாள் கோயிலடியில யாழ்ப்பாண மேயர் துரையப்பாவைச் சுட்டாச்சு. 14 வருசம் கழிச்சு 1989 யூலை 13 அதே சொல்லு கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தின்ர வீட்டுக்குள்ளயும் வந்தது, அவரையும் சுட்டாச்சு. உம்மட கண்ணாடிப் பெட்டி பகிடி தம்பி, எனக்கே சிரிப்பு வந்தது. கீழ வந்த கொமன்றுதான் எனக்குப் பழைய சத்தம் மாதிரிக் கேக்குது.


சிரட்டை எழுதியது:

வாத்தி வடிவா எழுதியிருக்கிறார், வேலிக்கு உள்ளுக்க நிண்டு பாத்தா. நாங்கள் வெளியால.

என்ர அப்பு கள்ளுச் சீவல் தொழில். அறுபது வயசு மனுசன் படலைக்கு வெளியில நிண்டு "ஐயா" எண்டு கூப்பிடோணும், உள்ளுக்க இருந்து ஒரு பன்னிரண்டு வயசுப் பெடியன் வந்து "என்னடா" எண்டு கேப்பான். அந்தப் பெடியன் அவன்ர வீட்டில நல்ல மரியாதை தெரிஞ்ச பிள்ளை எண்டு பேர் எடுத்தவன், கோயிலில தேவாரம் படிப்பான். தண்ணி கேட்டா மூக்குப்பேணி உள்ளுக்க இருக்கும், அப்புவுக்குச் சிரட்டை. இதையும் ஊரொழுங்கு எண்டுதான் சொன்னவை. ஒரு தூசணமும் இல்லாமல், ஒரு குரலும் உசராமல் நடந்தது. நீங்கள் கேக்கிற மரியாதை இதுதானோ எண்டு எனக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்.

1931 இல எல்லாருக்கும் வாக்கு வந்தது. அது வரக்கூடாது எண்டு, அரசியலமைப்பை ஆராய வெள்ளைக்காரன் அனுப்பின டொனமூர் ஆணைக்குழுவிட்டப் போய்ச் சொன்னவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன், சைவத்துக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் எவ்வளவோ செய்த பெரிய மனுசன். தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957 இல வந்தது, வந்து ஒம்பது வருசமாகியும் கடையில ஒரு மாதிரிப் பேணி இல்லை, அதுதான் 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில இருந்து ஊர்வலம் வெளிக்கிட்டது, பொலிஸ் அடிச்சது. 1968 மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசல், எங்கட ஆக்கள் உள்ளுக்க போய்க் கும்பிடக் கேட்டு நிண்டவை. அங்க மறிச்சு நிண்டவை ஆரெண்டு நினைக்கிறியள், சண்டியரோ? முன்னுக்கு நிண்டது சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், முன்னாள் மந்திரி. மலையகச் சனத்துக்காக மந்திரிப் பதவியை விட்ட அதே மனுசன். கொள்கைப் பிடிப்பு இல்லையெண்டு ஆரும் சொல்ல ஏலாது, பிடிப்பு வாசல் வரைக்கும்தான்.

மெல்ல மாத்துவம், அவசரப்படாதேங்கோ எண்டு சொல்லுறவைக்கு ஏன் அவசரமில்லையெண்டால் அவைக்குக் கதிரை இருக்கு. நிக்கிறவனுக்குத்தான் கால் நோகும்.

தம்பிக்கு ஒரு கேள்வி. உம்மட சேர் உம்மை "வாரும், இரும்" எண்டவர். நீ இல்லை, நீங்களும் இல்லை, நீர். ஒருதரை ஒருதர் சரிசமனா வைச்சு எங்கட ஊரில கதைக்கிறதெண்டால் அதுதான் சொல்லு, அது எனக்குப் பிடிச்ச சொல்லு. அதே வாசிகசாலையில என்ர அப்பு செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறியிருந்தால் அவருக்கும் அதைச் சொல்லியிருப்பாரோ? கேட்டுப் பாரும்.


சண்டிலிப்பாய்வாத்தி எழுதியது:

சிரட்டை, நீர் எழுதினதுக்கு என்னட்ட மறுப்பு இல்லை. எங்கட வீட்டிலயும் அந்தச் சிரட்டை இருந்தது, கிணத்தடிப் பூவரசங் கதியாலில கவிட்டுக் கொழுவிக்கிடக்கும். மேல நான் கிடுகுவேலியை உதாரணத்துக்கு எடுக்கேக்க அது ஞாபகம் வரேல்லை, இப்ப வருது.


தாவடிஅக்கை எழுதியது:

ஆம்பிளையள் எல்லாரும் சரித்திரம் எழுதி முடிஞ்சுதெண்டால் நானும் எழுதட்டோ.

2018 பெப்ரவரி 10 தேர்தலோட, 25 வீதம் பெண்கள் இருக்கோணும் எண்ட சட்டத்தில பட்டியலால ஒரு பிரதேச சபைக்குள்ள போனனான், எந்தச் சபை எண்டு கேக்காதேங்கோ. முதல் கூட்டம், ஒரு மதகு விசயம் கதைக்க எழும்பிறன். மாரிக்கு அந்த மதகு மூடினா ரெண்டு ஒழுங்கைக்கு முழங்கால் தண்ணி, பள்ளிக்கூடப் பிள்ளையள் சப்பாத்தைக் கையில தூக்கிக்கொண்டு போறவை. முன்னுக்கு இருந்த ஒருத்தர், "பிள்ளை, எப்பன் இரும், அண்ணைமார் கதைச்சு முடியட்டும்." எவ்வளவு மரியாதை பாருங்கோ, பிள்ளை எண்டுதான் சொன்னவர், எனக்கு அப்ப 44 வயசு. அண்ணைமார் கதைச்சு முடிய நேரமும் முடிஞ்சுது. அடுத்த கூட்டமும் அப்பிடி. மூண்டாங்கூட்டத்தில நான் கத்திப்போட்டன். என்ர குரல் கீச்சுக் குரல், கத்தினா கிளி கத்தினமாதிரி, சபை சிரிச்சுது, அடுத்த நாள் பேப்பரில "பெண் உறுப்பினர் கூச்சல்".

அதுக்குப் பிறகு வீட்டை வந்து சபை நடைமுறை விதியை இருந்து வாசிச்சன், அப்பா சாமி, நித்திரை வரும். ஆனா அதுக்குள்ளதான் சாமான் இருக்கு. நாலாங்கூட்டம் தொடங்கப் போன கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவமோ எண்டு தவிசாளர் கேக்க நான் எழும்பி, "தவிசாளர் அவர்களே, மதகு பற்றி நான் கேட்டதும் எனக்கு நேரம் தராததும் இதில இல்லை, பதிஞ்சாத்தான் வழிமொழிவன்" எண்டன். கத்தேல்லை. ஒருதரையும் பேர் சொல்லேல்லை. சபை ஒரு நிமிசம் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் முழிச்சுது, செயலாளர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பழைய தாளைப் புரட்டினார். பதிஞ்சவை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலயும் அந்த மதகு பழைய அலுவலா மேசைக்கு வரத்தானே வேணும். கடைசியாக் கட்டினவை, பலகையில வேற ஆற்றயோ பேர், அது பரவாயில்லை.

அதால தம்பி, என்னைக் கேட்டா நீர் ரெண்டு சாமானைப் போட்டுக் குழப்புறீர். பெரியாக்களுக்கு முன்னால வாயைப் பொத்துறது ஒண்டு. தவிசாளரைப் பாத்துக் கதைக்கோணும், ஒருதர் கதைக்கேக்க மற்றவர் குறுக்க விழக்கூடாது, சொன்னது எழுத்தில இருக்கோணும் எண்டுறது இன்னொண்டு. முதலாவதைக் கிணத்துக்க போடும். ரெண்டாவது பழசுதான், வெள்ளைக்காரன் விட்டிட்டுப்போன பழசு, ஆனா அது குரல் சின்னனா இருக்கிற ஆளுக்கு இருக்கிற ஒரே ஒலிவாங்கி. சபையில சண்டியனுக்கு விதி தேவையில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது, சிரட்டை அண்ணை, உங்களுக்கும் தேவைப்படும். 1957 சட்டத்தை நடைமுறைப்படுத்து எண்டுதானே நீங்களும் நடந்தனியள்.

ரொறொன்ரோக்காரருக்கு: மிளகாய்த்தூள் எறிஞ்சது ஞாபகம் இருக்கு, முடிவு ஞாபகம் இல்லைப்போல. 2018 ஒக்டோபர் 26 ஜனாதிபதி பிரதமரை மாத்தினது, நவம்பர் 9 பாராளுமன்றத்தைக் கலைச்சது, டிசம்பர் 13 உயர் நீதிமன்றத்தில ஏழு நீதியரசர் ஒருமிச்சுக் கலைச்சது செல்லாது எண்டு சொல்ல எல்லாம் அடங்கினது. தூள் எறிஞ்சவை வெல்லேல்லை.

தம்பி செய்யவேண்டினது: கண்ணாடிப் பெட்டிப் படம் கிடக்கட்டும், வேட்பாளர் எண்டா பகிடி தாங்கோணும். மனுசியை இழுத்த கொமன்றை இண்டைக்கே அழியும். மன்னிப்பை இன்பொக்ஸில போடாதேயும், எந்தப் பக்கத்தில ஊர் சிரிச்சுதோ அந்தப் பக்கத்தில போடும்.


பனங்காய்ப்பணியாரம் எழுதியது:

கண்டனம் எழுதி வளந்த ஊரில வந்து மரியாதை கேக்கிறியள். ஆறுமுக நாவலர் பாதிரியார் பேர்சிவலோட இருந்து பைபிளைத் தமிழாக்க உதவினவர், அங்கால அதே மிசனரிமாரைக் கிழிச்சுக் காயப்போட்டவர். கடுஞ்சொல்லுக்குக் குறைவில்லை, எண்டாலும் எந்த வசனத்தை மறுக்கிறன் எண்டு பிடிச்சு வைச்சுப்போட்டுத்தான் அடி. இப்ப வசனத்தை ஆர் வாசிக்கிறான், நேர அடிதான். சொந்தத் தமிழரசுக் கட்சிக்குள்ளயே 2024 ஜனவரியில வாக்கெடுத்துத் தலைவரைத் தெரிஞ்சுபோட்டு அடுத்த மாசமே கோட்டுக்குப் போன ஆக்களப்பா நாங்கள், சேரும் மீமும் எந்த மூலைக்கு. அக்கை சபையில நிண்டதுதான் எனக்குப் பிடிச்சுது, ஆனா உந்த விதிப் புத்தகத்தை வைச்சே ஒரு விசயத்தை மூண்டு வருசம் இழுக்கிறவையும் இருக்கினம், அதையும் சொல்லோணும்.


ஒழுங்கைமுடக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கொமன்ற் அழிச்சாச்சு, மன்னிப்பும் அதே பக்கத்தில போட்டாச்சு. போஸ்ற்றுக்கு வந்ததில பத்தில ஒரு பங்கு ஆக்கள்கூட இதுக்கு வரேல்லை, கூட நிண்ட ரெண்டுபேர் என்னை வட்சப் குறூப்பால தூக்கிவிட்டாங்கள். படத்தை அழிக்கேல்லை, அக்கை சொன்னதால.

நேற்றுப் பின்னேரம் சேர் வீட்டை போனனான். சாறத்தோட விறாந்தையில இருந்தவர், பிளேன்ரீ தந்தவர். மன்னிப்பைப் பாத்தவராம், "ம்" எண்டார், அவ்வளவுதான். பேந்து துணிஞ்சு சிரட்டை அண்ணை கேட்ட கேள்வியைக் கேட்டிட்டன், ஆர் கேட்டவர் எண்டு சொல்லேல்லை. கனநேரம் பேசேல்லை. கப்பைக் கீழ வைச்சுப்போட்டு, "நான் சொல்லியிருப்பன். என்ர அப்பா சொல்லியிருக்கமாட்டார்" எண்டார். கொஞ்சத்தால திரும்பவும், "நான் சொல்லியிருப்பன் எண்டதும் இப்ப இருந்து சொல்லுறதுதானே" எண்டார். சிரட்டை அண்ணை, நான் கூட்டேல்லை குறைக்கேல்லை, அப்பிடியே எழுதியிருக்கிறன்.

வெளிக்கிடேக்க மறிச்சு, தன்ர போனில தமிழில அடிக்கிறது எப்பிடியெண்டு காட்டச் சொன்னார், தானும் பேஸ்புக்கில எழுதப்போறாராம். கீபோர்ட் போட்டுக் குடுத்து, எழுத்து எங்க கிடக்குதெண்டு காட்டி, ஒரு மணித்தியாலம் மினக்கெட்டனான். இரவு பத்தரைக்கு அவற்ற முதல் போஸ்ற் வந்திருக்கு. நாங்கள் தேர்தலுக்கு அடிச்ச நோட்டீசில தெரு லைற்றுக்குப் போட்ட கணக்குப் பிழையாம், கூட்டிப் பெருக்கிக் காட்டி, மிச்சக் காசு எங்க எண்டு கேட்டிருக்கிறார், தவிசாளர் எண்டதில நாங்கள் "லர்" போட்டதையும் விடேல்லை. கணக்கு நான் போட்டது. ரெண்டுதரம் பாத்திட்டன், அவர் சொன்னது சரி.